யாரும் கேட்டு வராத பசு

மார்ச் 8, சனி

காலை ஏழு மணிக்கு வேலூரில் மருந்து வாங்கி ஜீப் ஏறி, பதினொன்றுக்கு ஈச்சங்கொல்லை வந்து சேர்ந்தோம். நானும் உதவியாளர் சடகோபனும் மருந்துப் பெட்டி நான்கும். ஜவ்வாது மலையில் எட்டு வருடமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். இந்த ஊருக்கு இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் தடுப்பூசி போட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன்.

முந்தாநாள் நண்பகலில் மேற்குச் சரிவில் பிடித்த தீ, காற்றோடு சேர்ந்து ஊருக்குள் இறங்கியிருக்கிறது. முப்பத்தொரு வீட்டில் இருபத்திரண்டு இப்போது இல்லை. ஊரார் கீழே ஏரியில் நூறு நாள் வேலையில் இருந்ததால் தப்பித்தார்கள். வீட்டிலிருந்த வயதானவர்களும் எப்படியோ இறங்கி வந்துவிட்டார்கள். மனித உயிர் போகவில்லை. ஆனால் பக்கத்து மேட்டுக்காட்டைச் சேர்ந்த சிவராசி என்ற தீத்தடுப்புக் காவலர், தழையால் தீயை அடித்து அணைக்கப் போய் இரண்டு காலும் வெந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வயது இருபத்து மூன்றாம்.

மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். மாடுகள் மைதானத்தில். இன்று பத்தொன்பது பார்த்தோம். மடிக்காம்பு வெந்தவை ஏழு. கன்று வாய் வைத்தால் தாய் உதைக்கிறது. குளம்பும் தோலும் சேரும் இடத்தில் புண் எல்லாவற்றுக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, களிம்பு தடவி, வலிக்கு ஊசி போட்டோம். கை முழுக்கப் பொசுங்கிய முடியின் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை.

மகள் போனில் கேட்டாள்: "மாடு அழுமா அம்மா?" அழாது, முனகும் என்றேன். "அப்போ வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. கண்ணையும் காதையும் பார்த்துத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

செத்த மாடு மூன்று. பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் சொந்தக்காரருக்கு அரசு வேறு மாடு கொடுக்கும். இரண்டுக்கு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். மூன்றாவது ஒரு கருப்புப் பசு. ஐந்து வயது இருக்கும், ஏழு மாதச் சினை. ஊரின் மேல்கோடியில் தனியாக ஒரு கொட்டகையில், கழுத்தில் இரும்புச் சங்கிலியோடு கிடந்தது. அதற்கு யாரும் வரவில்லை.

"யாரோட மாடு?" என்று சடச்சியிடம் கேட்டேன். முகாமில் எங்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கும் பெண். வீடு முழுக்கப் போய்விட்டது.

"தெரியலிங்க டாக்டரம்மா."

இருபது தப்படி தள்ளி வசித்தவருக்கு அது தெரியாதாம்.

இன்னொரு விஷயம். அறுபத்து நான்கு மாடு உள்ள ஊரில் மூன்றுதான் செத்திருக்கிறது. கொட்டகையில் கட்டிய மாடு தீயில் இப்படித் தப்பாது. இன்று எரிந்த கொட்டகைகளைச் சுற்றிப் பார்த்தேன். முளைக்குச்சிகளில் மிச்சமிருந்த கயிறுகள் எதுவும் அவிழ்க்கப்படவில்லை, இழுத்து அறுபடவும் இல்லை. கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். மாடுகளின் கழுத்திலும் அப்படியே. பதினொரு துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. வேடிக்கையாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

எல்லோரிடமும் கேட்டேன். உங்கள் மாட்டின் கயிற்றை யார் வெட்டியது?

பெண்கள்: "எங்க ஊட்டுக்காரருதான்."

ஆண்கள்: "எங்க ஊட்டுல அவதான் வெட்டியிருப்பா."

தீ வந்தபோது ஊரில் இருந்த கிழவர் ஆண்டியிடம் கேட்டேன். "யாரோ கத்தனாங்க, ஓடியாந்தன்" என்றார். யார் குரல் என்றேன். "எனக்குக் காது மந்தம்."

"காது மந்தமானவருக்குக் கத்தினது மட்டும் கேட்டுதா?" என்று சடகோபன் சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை.

ஏரி வேலை மேற்பார்வை பார்க்கும் பெண்ணிடம் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அன்று பன்னிரண்டு மணிக்கு ஊரிலுள்ள அத்தனை கணவர்களும் அத்தனை மனைவிகளும் ஏரியில்தான் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். சாதுவான மாடுகளின் கயிறு கழுத்துக்குப் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. உதைக்கிற, முட்டுகிற மாடுகளுக்கு மட்டும் முளைக்குச்சிப் பக்கம், எட்ட நின்று. வெட்டியவருக்கு ஊரின் ஒவ்வொரு மாட்டின் குணமும் தெரியும்.

"மேடம், உங்களுக்கு மாட்டவிட மாட்டோட கதைதான் வேணும்" என்கிறார் சடகோபன். இருக்கட்டும்.

இந்த ஊர் மாடுகளை யார் மேய்ப்பது என்று கேட்டேன். பூங்காவனம் என்றார்கள். எங்கே அவர்? தீ வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே தன் மாட்டை ஓட்டிக்கொண்டு தங்கச்சி ஊருக்குப் போய்விட்டாராம். கேட்ட எல்லோரும் ஒரே மாதிரி, அதே "நாலு நாள்" என்றார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இருபத்தாறு மாடு. ஒரு கன்றுக்குக் கண் தெரியாது என்று நினைத்தேன், இன்று திறந்து என்னைப் பார்த்தது.

மார்ச் 12, புதன்

மாலை வனவர் மார்க்கபந்து வந்தார். நாங்கள் டீ போட்டோம். ஐம்பது வயது, தூக்கமில்லாத கண்கள். வீடு கட்ட மூங்கில் வெட்ட ஊரார் அனுமதி கேட்டிருக்கிறார்கள். தீ வைத்தது யார் என்று தெரியாமல் மேலே கையெழுத்தாகாது என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. சிவராசியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியவர் அவர்தான்.

"அவன் அம்மா தினம் கேக்கறாங்க மேடம், யாரு வெச்ச தீன்னு. நான் என்னன்னு சொல்றது?"

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கும் மாடுகள் மேல் அக்கறை இருக்கிறது. நிறையக் கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

வனவர் இன்று வீடு வீடாகக் கயிறு பற்றி விசாரித்திருக்கிறார். அவருக்கு யார் சொன்னார்களோ.

மார்ச் 14, வெள்ளி

ஒரு மாடும் வரவில்லை. காலை எட்டிலிருந்து மருந்தைப் பரப்பி வைத்துக் காத்திருந்தோம். பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். சடச்சி தண்ணீர்க் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

வனவரிடம் நான்தான் சொன்னேன். பையைத் திறந்து பதினொரு துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, சாது மாடு எது, முரட்டு மாடு எது என்று விளக்கிக்கூடக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

நண்பகல் சடச்சி வந்து நின்றார். "கை அழுவுது, சீழ் புடிச்சிடுச்சி. நீங்க வரணும்" என்றார். யாருடைய கை என்று கேட்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஏரிக்கரையில் எரியாமல் தப்பிய வீடு ஒன்றின் பின்னறை. நாற்பது வயதுப் பெண், மெலிந்த உடம்பு. முன்பக்கத் தலைமுடி பொசுங்கிப் போயிருந்தது. இரண்டு கையிலும் மஞ்சளும் ஏதோ பச்சிலையும் அப்பியிருந்தார்கள். கழுவினேன். பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர சத்தம் போடவில்லை. கழுவக் கழுவ உள்ளங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக முட்டை வடிவத் தடங்கள் தெரிந்தன. சங்கிலியின் வளையங்கள். பழுக்கக் காய்ந்த சங்கிலியைப் பிடித்த கைகள்.

"கருப்புப் பசு உங்களுதா?"

பூங்காவனம் தலையை ஆட்டினார். "கயித்த அறுத்துக்கினு ஓடற மாடு. போன மாசந்தான் சங்கிலி போட்டன்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பதினொரு மணிக்கு மாடுகளைக் கொண்டுவந்து வெயிலுக்கு அடைத்துவிட்டு மேற்குச் சரிவுக்குப் போயிருக்கிறார்.

"புல்லு காஞ்சி கெடந்துச்சி. மாடுங்க வாய் வெக்கல. வருசா வருசம் ஓரமாக் கொஞ்சம் கொளுத்துவன், ஒரு மழை பேஞ்சா இளம்புல்லு வரும். எங்கம்மாவும் அப்பிடித்தான் பண்ணுச்சி. அன்னிக்கி காத்து திரும்பிடுச்சி டாக்டரம்மா. தழைய ஒடிச்சி அடிச்சன், அடிச்சன். கேக்கல. ஏரிக்கு ஓடிச் சொல்றதா, ஊருக்கு ஓடறதான்னு ஒரு நிமிசம் நின்னன். ஏரில இருக்கறவங்களுக்குக் காலு இருக்குது. இதுங்கள நான்தான கட்டிட்டு வந்தன்?"

அப்போது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "முதல்ல எந்த வீடு?" என்று கேட்டேன்.

ஆனால் அவர் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. வரிசையாகச் சொன்னார். மேல்வரிசையில் சடச்சி வீடு. அங்கே செவலையின் கயிற்றை வெட்டிவிட்டால் மற்றது தானாகப் பின்னால் வரும். அடுத்து ஆண்டிக் கிழவர் வீடு. அவரைக் கத்தி எழுப்பி, அவர் மாட்டின் பின்னாலேயே விரட்டினார். கொம்பு வளைந்த காளையின் கயிற்றைக் கடைசியில் வெட்ட வேண்டும், முதலில் விட்டால் வழியில் நின்று மற்றவற்றை முட்டும். இரண்டு மாட்டை எட்ட முடியவில்லை, கூரை விழுந்துவிட்டது. அவற்றின் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"என்னுதக் கடைசில பாத்துக்கலாம்னு வுட்டன். எம்மாடுதானேன்னு. போய்ப் பாத்தா கையில கத்தி இருக்குது. சங்கிலிக்குக் கத்தி இன்னா பண்ணும்?"

சடச்சி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார். "எம் வூடு போச்சி. மவ கல்யாணத்துக்குச் சேத்த சாமானு போச்சி. இவளப் பாத்தா ரெண்டு அறை வுடணும்னுதான் வருது. ஆனா எம்மாடு ரெண்டும் நிக்குதே. நான் இன்னா பண்ணுவன், சொல்லுங்க?"

கட்டுப் போட்டேன். பிறகு, வனவரிடம் கயிறு விஷயத்தைச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றார் பூங்காவனம். "நீங்க கயித்தப் பொறுக்கிப் பையில போட்ட அன்னிக்கே சடச்சி வந்து சொன்னா."

புறப்படும்போது, இந்தக் கைக்கு வேலூர் போவது நல்லது, சிவராசியைக்கூட அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்றேன். "எந்தச் சிவராசி?" என்றார். சடச்சி என்னை முறைத்தார். ஊர் அதை அவரிடமிருந்து மறைத்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. வாய் தவறி வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

தெரியாது என்று நேற்று எழுதியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்து, இவருக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. அதன் பிறகுதான் சொன்னேன்.

மாலையில் பள்ளிக்கூடத்தில் பெரிய சத்தம். பூங்காவனம் வனவரிடம் போகிறேன் என்கிறார், ஊர் வேண்டாம் என்கிறது. "இன்னும் பத்து நாள்ல தானா அடங்கிடும்" என்றது ஆண்டியின் குரல். அதற்குப் பூங்காவனம் சொன்னது இங்கே வரை கேட்டது: "அந்தப் புள்ள காலு அடங்குமா?"

மார்ச் 17, திங்கள்

காலை பத்து மணி. செத்த மாட்டுக்கும் காயத்துக்கும் சான்றிதழ் வாங்க வந்தவர்களுக்குப் பின்னால் பூங்காவனம் நின்றார். துவைத்த புடவை, தலைக்கு எண்ணெய். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள்.

"அந்தக் கருப்புப் பசு என்னுது" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி.

நாலு நாள் முன்னால் மாட்டோடு ஊரைவிட்டுப் போனவர் என்று ஊரே சொன்ன கதை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. அது எல்லோருக்கும் புரிந்தது. நான் படிவத்தை எடுத்தேன். பசு, கருப்பு, ஐந்து வயது, சினை. சொந்தக்காரர் பெயர் எழுதினேன். கைரேகை வாங்க வேண்டும். இடது பெருவிரலின் கட்டைப் பிரித்து மையில் வைத்து ஒற்றினேன். தாளில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் விழுந்தது. ரேகை இல்லை, தோலோடு போய்விட்டது. இன்னொரு முறை ஒற்றினேன். அப்படியேதான். சடகோபன் வெளியே போய்விட்டார். மோதிர விரலில் ஒரு ஓரம் மிச்சமிருந்தது. அதில் எடுத்தேன்.

வனவரை நான்தான் போனில் கூப்பிட்டேன். பூங்காவனம்தான் கூப்பிடச் சொன்னார். வாக்குமூலத்தில் தீ வைத்ததை எழுதியபின் வனவர் பேனாவை மூடப் போனார். "மாடுகளையும் எழுதுங்க சார்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அறுபத்தொரு மாடு, வீட்டுவாரியாக, ஒரு பக்கத்துக்கு எழுதினார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று விட்டுப்போனதை எழுதுகிறேன்.

ஆபீசுக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள் என்று பூங்காவனம் கேட்டார். வனவர் மறுக்கவில்லை. கட்டு மாற்ற நானும் உடன் போனேன். வேலூரில் அந்த வார்டு வாசலில் சிவராசியின் அம்மா கன்னியம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வனவர் விஷயத்தைச் சொன்னார்.

பூங்காவனம் காலில் விழப் போனார். கன்னியம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்து நில்லு. விழுந்தா எம் புள்ள காலு வந்துடுமா?"

நெடுநேரம் கட்டுப் போட்ட கைகளையே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊட்ல ஆறு மாடு கீது. மேய்க்கறவன் உள்ள படுத்துக்கினு கெடக்கறான். அவன் காலு ஊனி நடக்கற வரிக்கும் நீதான் மேய்க்கணும். ஜெயிலுக்குப் போனா, வந்து மேய்."

"மேய்க்கறன்" என்றார் பூங்காவனம்.

சிவராசியை நாங்கள் பார்க்கவில்லை. உள்ளே விடவில்லை.

மார்ச் 24, திங்கள்

முகாம் முடிந்தது. புண் ஆறாத ஒன்பது மாடுகளுக்காக வாரம் இரண்டு நாள் நான் ஏறி வரப்போகிறேன். மேலதிகாரி ஏன் என்றார். ஒன்பது மாடு என்றேன்.

ஏப்ரல் 5, சனி

நேற்று பூங்காவனம் ஜாமீனில் வந்தார். வாரம் ஒருமுறை வன அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். வழக்கு நடக்கும். மூங்கில் அனுமதி பத்து நாள் முன்பே வந்துவிட்டது, ஒன்பது வீட்டுக்குக் கூரைச் சட்டம் நிற்கிறது. சடச்சி வீட்டுக்கு மூங்கில் பிளக்க ஆள் போதவில்லை என்று சடகோபன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். மதியம் வரை அவரைக் காணவில்லை, மாடுகளை நான் தனியாகப் பார்த்தேன்.

பூங்காவனம் இல்லாத நாட்களில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து மாடு மேய்த்திருக்கிறார்கள். மாடுகள் யார் பேச்சையும் கேட்கவில்லையாம். தினம் இரண்டு காணாமல் போகும், தினம் ஊரே தேடும். இன்று காலை பூங்காவனம் வாசலில் நின்று நாக்கைச் சொடுக்கினார். அத்தனையும் எழுந்தன.

சடச்சி இன்னும் அவரோடு பேசவில்லை. ஆனால் தூக்குப் போசியில் கூழ் கொடுத்தனுப்புகிறார்.

ஏப்ரல் 16, புதன்

கேட்டுத் தெரிந்துகொண்டது: பூங்காவனம் விடிகாலை மேட்டுக்காடு வரை நடந்து ஆறு மாட்டையும் ஓட்டி வந்து, ஊர் மாடுகளோடு சேர்த்து மேய்த்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார். கோல் பிடிக்கக் கை வரவில்லை, முழங்கையில் இடுக்கிக்கொள்கிறார். வேலூரிலிருந்து வரும் நாட்களில் கன்னியம்மா எல்லையில் நின்று ஆறையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போகிறாராம்.

மே 20, செவ்வாய்

சிவராசி வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கோல் ஊன்றி.

ஜூன் 12, வியாழன்

இன்று சிவராசியைப் பார்த்தேன். கோல் இல்லாமல் வாசலிலிருந்து சாலை வரை நடந்தார். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. "ஓட முடியாது டாக்டரம்மா, நடக்கலாம்" என்றார். ஒன்பது நாளாக இப்படி நடக்கிறாராம்.

ஆனால் இன்று காலையும் பூங்காவனம்தான் ஆறு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கன்னியம்மா நிறுத்தச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. வாக்குப்படி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். இரண்டு பேரில் யார் முதலில் பேசுவார்கள் என்று அறியும் ஆசை எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

மருந்தகத்தை மூடப்போகும் நேரத்தில் கன்னியம்மா வந்தார். ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார், மாடு எதுவும் இல்லாமல்.

"மருந்து வேணும்."

"எதுக்கும்மா?"

"மாட்டுக்குத்தான்."

"என்ன புண்ணு?"

"வெந்த புண்ணு. ஆறிடுச்சி. ஆனா தோலு இழுத்துக்கினு கீது. வெரல மடக்க முடியல. கோலு புடிச்சா நழுவுது."

எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அவர் சுவரில் தொங்கும் பசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னங்காலா, பின்னங்காலா?"

கொஞ்சம் யோசித்தார். "முன்னங்காலு. ரெண்டும்."

களிம்பு எடுத்து வைத்தேன். "இதத் தடவி, தினம் ரெண்டு வேளை ஒவ்வொரு விரலா நீவி நீவி மடக்கி விடணும். வலிக்கும், விடக்கூடாது. அதுவா செஞ்சிக்க முடியாது. இன்னொருத்தர்தான் செய்யணும். வேலூர்லயும் ஒருதடவ காட்டிடுங்க."

"தெரியும். எம் புள்ளைக்கி அப்பிடித்தான் பண்ணன்" என்றார். களிம்பை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பதிவேட்டில் எழுத வேண்டுமே. மாடு ஒன்று, தீக்காயத் தழும்பு என்று எழுதி, சொந்தக்காரர் பெயர் என்ன போடுவது என்று கேட்டேன்.

வாசற்படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊட்டுதுன்னே எழுதிக்கோ."